அண்ணன்ட மணம் வாற வரிசை

அண்ணன் ஆத்தில வலை வீசிக்கொண்டு நிக்கக்குள்ள வெடி பட்டுச் செத்துப்போனான். ஆர் சுட்டதெண்டு இண்டைவரைக்கும் தெரியா. அதப் பத்தி எனக்கு எழுத வராது. நாயப் பத்தி எழுதுறன்.

அவன் வளத்த நாய் அவன் உடுத்த சாரத்துக்கு மேலயே படுத்துக் கிடந்திச்சு. சோறு வச்சாத் தின்னும். முப்பத்தோராம் நாள் சாவீட்டுத் துடக்குக் கழிக்கோணுமெண்டு அம்மா வீட்டில கிடந்த எல்லாத்தையும் கழுவினா. சாரம், பாய், தலகணி, வலை. கடைசியா நாயையும் பிடிச்சு சவுக்காரம் போட்டுக் குளிப்பாட்டினா. அண்டையோட அண்ணன்ட மணம் வீட்டில ஒரு மூலையிலயும் இல்ல. நாய் தோணிக்குக் கீழ போய்ப் படுத்துட்டு, சோத்தத் திரும்பியும் பாக்கல்ல.

அம்மாவும் தன்ட சோத்துக் கோப்பையத் தள்ளி வச்சிட்டா. "அது தின்னட்டும், பிறகு நான் தின்னுறன்." எனக்கு மட்டும் சமைப்பா. மூணு நாளா அவக்கு வெறும் தேத்தண்ணிதான். நாய் பிடிவாதம், அம்மா அதவிடப் பிடிவாதம். விட்டா ரெண்டும் செத்துப்போகும். சரி, அண்ணன்ட மணத்த நானே செய்வமெண்டு வெளிக்கிட்டன்.

கழுவின சாரத்தில ஆத்துச் சேறு பூசினன். றால் உரிச்ச கோது தேச்சன். தேங்காயெண்ணெய் ஊத்தினன். பக்கத்து வீட்டு மாமா பீடியப் பத்தவச்சு அதுக்கு மேல புகை ஊதித் தந்தார். கொண்டுபோய் வச்சா, நாய் ஒரு இழுப்பு இழுத்துட்டு கள்ளனக் கண்ட மாதிரிக் குரைக்குது.

பிறகுதான் யோசிச்சன். அண்ணன் வரக்குள்ள முதல் வாறது பீடி, ஆள் ரோட்டால எங்கட ஒழுங்கைக்குள்ள திரும்ப முந்தியே காத்தோட வந்திரும். அதுக்குப் பிறகு சேறும் றாலும். குனிஞ்சு நாயத் தடவக்குள்ளதான் தலையெண்ணெய். நான் எல்லாத்தையும் ஒண்டாக் கொட்டிட்டன். சாவுக்கும் கோயிலுக்கும் ஒரே பறைதான், அடி விழுற நேரத்த வச்சுத்தானே எதெண்டு விளங்குது. மூளையும் அப்பிடித்தான் போல. எந்த மணம் முந்தினது, எது பிந்தினதெண்டு பாத்துத்தான் ஆளச் சொல்லுது.

அடுத்த நாள் காலமை, அவன் வாற நேரத்துக்கு, முன்னால மாமா பீடியோட. பத்தடி பின்னால நான், சேத்து வலையும் றால் கோதும். எனக்குப் பின்னால மாமி, எண்ணெய்ப் போத்தலோட. சென்றிக் காவலில நிண்ட ஆமிக்காரன் மறிச்சான்.

"ஏன் தூரத் தூர நடக்கிறது?"

"நாய்க்கு மணக்க, மாத்தயா" எண்டார் மாமா.

அவன் போத்தலத் திறந்து மணந்து பாத்தான். சிரிக்கவுமில்ல. போகச் சொன்னான்.

பீடிக்கு நாய் காதத் தூக்கிச்சு. சேத்துக்கு எழும்பி வந்திச்சு. மாமி தலையில எண்ணெய ஊத்திக்கொண்டு குனிய, அது ஆட்டின வாலுக்கு உடம்பே சரிஞ்சு விழுந்திச்சு. பிறகு எங்கள விட்டுட்டு ஒழுங்கை முடக்குக்கு ஓடி, ஆத்துப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டுது.

குசினிக்குள்ள இருந்து அம்மா சோத்துக் கோப்பையோட வெளிய வாறா.

"வந்திட்டியா மனே? கையக் கழுவு."

பிறகுதான் எங்களக் கண்டா. மாமி போத்தல முதுகுக்குப் பின்னால ஒளிச்சா.

"அவன் இவ்வளவு எண்ணெய் வைக்கமாட்டான் கா" எண்டா அம்மா மாமியப் பாத்து. பிறகு நிண்ட இடத்திலயே குந்தி, சோத்தப் பிசைஞ்சு ஒரு வாய் வச்சா.

"நாய் இன்னும் தின்னல்லயேம்மா" எண்டன்.

"அது பாத்துட்டு வரட்டும்" எண்டுட்டு, மற்றப் பிடிய உருட்டினா.