டவர் கிடைக்கும் குட்டிப்பாலம்

மார்கழிப் பனியில் விடியுமுன் சைக்கிள் எடுப்பவனை எங்கள் பக்கத்தில் இரண்டே வகையாகத்தான் பார்ப்பார்கள். ஒன்று மாலை போட்டவன், இல்லையென்றால் மறை கழன்றவன். நான் கறுப்புச் சட்டை போட்டிருந்ததால் முதல் வகையில் சேர்த்துவிட்டார்கள். வேப்பூர் ஹைவே ஓரத்து டீக்கடை அண்ணன் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே ஒரு டம்ளரைத் தனியாகக் கழுவி எடுத்து வைப்பார்.

"சாமி, பாலா டீயா?"

"நான் சாமி இல்லண்ணே. நாங்க வேதக்காரங்க. சர்ச்சுக்குப் போறவங்க."

"அதனால என்ன சாமி? பனில வந்திருக்கீங்க, பாலே குடிங்க."

அந்தக் குளிர்காலம் முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். மனிதர் காதில் ஏறவே இல்லை. கடைசியில் நானும் விட்டுவிட்டேன், பாலும் நன்றாகத்தான் இருந்தது.

கேட்டவர்களிடமெல்லாம் பந்தயத்துக்காக ஓட்டுகிறேன் என்று சொன்னேன். அது பொய்யில்லை. வேப்பூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் காணும் பொங்கலன்று இளைஞர் மன்றம் சைக்கிள் பந்தயம் வைக்கும். விருத்தாசலத்தில் கிளம்பி அந்த ஊர் மாரியம்மன் கோயில் வாசலில் முடிக்க வேண்டும். பாண்டிச்சேரியில் பழசாக வாங்கிய ரேஸ் சைக்கிள் ஒன்று என்னிடம் இருந்தது. ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில், மெல்லிசு டயர். அதைத் தொட்டுப் பார்க்காத ஆள் எங்கள் தெருவில் கிடையாது.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஃப்யூஸ் கட்டை செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. ஷிஃப்டுக்கு முன்னால் வாரநாட்களில் கம்மாபுரம் ரோட்டில் மிதிப்பேன். நெய்வேலிச் சுரங்கத்துக்காக நிலம் எடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அந்தப் பக்கம் ஓயாமல் இருந்த காலம் அது. புது மாதிரி சைக்கிளில் குனிந்துகொண்டு போகிறவனைப் பார்த்து, "யோவ், அளக்க வந்த ஆளா நீ?" என்று வயலில் இருந்து ஒருவர் மண்வெட்டியோடு வந்துவிட்டார். இல்லவே இல்லை என்று சத்தியம் செய்துவிட்டு வந்தேன். வேகம் பழக வேண்டுமென்றால் திட்டக்குடி பஸ்ஸுக்குப் பின்னாலேயே காற்றுக்கு ஒதுங்கி ஓட்டுவேன். கண்டக்டர் பின்படியில் நின்று கத்துவார்: "ஏறிக்கய்யா! டிக்கெட்டே வேணாம், ஒன்னப் பாத்தா பாவமா இருக்குது!"

வேர்த்த உடம்போடு கம்பெனிக்குப் போனால் சூளைப் பக்கத்தில் நின்று குளிர் காய்வேன். விரலெல்லாம் மரத்துப் போயிருக்கும். கூட வேலை செய்தவன் ஒருநாள் சொன்னான்: "வுட்டா இவரு மிதிச்சே குவைத்து போயிடுவாரு போலிருக்குது." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று சூளையை விட்டுச் சீக்கிரமே நகர்ந்துவிட்டேன்.

ஏனென்றால் என் மனைவி குவைத்தில் நர்ஸாக இருந்தாள். கல்யாணமாகிச் சில மாதங்களிலேயே விமானம் ஏறியவள். இரண்டு வருஷ ஒப்பந்தம். அந்தப் பொங்கலோடு அது முடிகிறது.

எங்கள் வீட்டு போன் ஹாலில், மாதா படத்துக்குக் கீழே இருந்தது. அவள் கூப்பிட்டால் முதலில் அம்மா பேசுவாள். பிறகு தங்கை. பிறகு அடுத்த வீட்டு அத்தை, அவர்களுக்கு அங்கே என்ன வேலையோ தெரியாது, அவர்களும் பேசுவார்கள். கடைசியாக ரிசீவர் என் கைக்கு வரும்போது மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "சாப்பிட்டியா?" "ம்." "உடம்பு?" "ம்." அதற்குள் அவளுடைய போன் கார்டில் காசு தீர்ந்துவிடும். கட்டிய மனைவியிடம் பேச ஒரு மனுஷனுக்கு இவ்வளவு கூட்டமா! எரிச்சலில் பழைய செல்போன் ஒன்று வாங்கினேன். வாங்கிய பிறகுதான் எங்கள் பக்கத்தில் டவரே இல்லை என்று தெரிந்தது. வேப்பூர் ரோட்டில் ஒரு குட்டிப்பாலம் உண்டு. அதைத் தாண்டினால்தான் ஒரு கோடு, இரண்டு கோடு என்று ஏறும்.

அதனால் ஞாயிறுதோறும் அந்தப் பாலத்துக்குப் போனேன். குவைத்தில் அவளுக்கு நைட் டூட்டி. வார்டு அடங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து, வராந்தாவில் இருந்த கார்டு போனில் இருந்து கூப்பிடுவாள். முதல் பூசைக்கு வராமல் எங்கே மிதிக்கிறாய் என்று பங்குச் சாமியார் கேட்டார். பந்தயத்துக்குப் பழகுகிறேன் சாமி என்றேன். ரெண்டாம் பூசைக்காவது குளித்துவிட்டு வா என்றார்.

"இப்ப எங்க நிக்கறீங்க?" என்றுதான் அவள் ஆரம்பிப்பாள்.

"குட்டிப்பாலத்துல."

"பனி ஜாஸ்தியா இருக்குதா? மஃப்ளர் கட்டியிருக்கீங்களா?"

"கட்டியிருக்கேன்," என்று இருமிக்கொண்டே சொல்வேன்.

"கரும்பு வெட்டிட்டாங்களா? அந்த மோட்டார் கொட்டாய் பக்கத்துல என்ன போட்டிருக்காங்க?"

கடலை விதைத்திருக்கிறார்கள் என்பேன். முளைத்துவிட்டதா என்பாள். வயலில் இறங்கிப் பார்த்துச் சொல்வேன். கோயில் ரேடியோ கேட்குது, போனைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க என்பாள். தூக்கிப் பிடிப்பேன். அப்படியே நேரம் ஓடிவிடும்.

உண்மையில் நான் அவளிடம் சொல்ல நினைத்தது ஒரே ஒரு வார்த்தை. வந்துடு. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசவே இல்லை, அவள் போடுவாள் என்றே எல்லோரும் வைத்துக்கொண்டார்கள். தங்கை கல்யாணம் இருந்தது, மாடி கட்டுவது பாதியில் நின்றது. அவளும் என்னிடம் போடட்டுமா வேண்டாமா என்று கேட்கவில்லை. ஒருமுறை மட்டும், "நீங்க என்ன சொல்றீங்களோ," என்று இழுத்தாள். நான், "நீ யோசிச்சு செய்ம்மா," என்றேன். என்ன ஒரு பதில்!

பாலம் வருகிறவரை அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லிப் பழகுவேன். மிதிக்கு ஒருமுறை, வந்துடு, போதும், வந்துடு. எதிரே வந்த பால்காரர் சைக்கிளை நிறுத்தி என்னை ஒரு மாதிரி பார்த்திருக்கிறார். கால் நாளுக்கு நாள் தேறியது. வாய்தான் தேறவில்லை. போன் அடித்ததும் கரும்பு, கடலை, மஃப்ளர் என்று போய்விடும். அவள் வைத்த பிறகு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருப்பேன். அவளைப் பார்க்க வேண்டும்போல அப்படி ஒரு தவிப்பாக இருக்கும். பிறகு வேப்பூர் போய்ச் சாமிக்கான பாலைக் குடித்துவிட்டுத் திரும்புவேன்.

காணும் பொங்கல் வந்தது. ஆறு மணிக்குப் பந்தயம் என்று நோட்டீஸ் போட்டிருந்தார்கள். கொடி அசைக்க வேண்டிய பெரிய மனிதர் எழுந்து, குளித்து, வந்து, மாலை வாங்கி, மைக்கில் பேசி முடிக்க எட்டாகிவிட்டது. நாங்கள் குளிரில் காலை உதறிக்கொண்டே நின்றோம்.

கொடி இறங்கியதும் நன்றாகவே போனது. ஊரைத் தாண்டும்போதே கூட்டம் பின்தங்கிவிட்டது. எனக்கு முன்னால் திட்டக்குடிப் பக்கத்து மங்களூர் விவசாயி ஒருவர் மட்டும், போன வருஷம் ஜெயித்தவர். அவர் முதுகுக்குப் பின்னால் பஸ்ஸுக்குப் பின்னால் போவது மாதிரி ஒட்டிக்கொண்டேன். மூச்சு அடங்கியே இருந்தது. கடைசியில் இவரைத் தாண்டிவிடலாம் என்று தெரிந்துவிட்டது.

குட்டிப்பாலம் தாண்டியதும் சட்டைப் பாக்கெட்டில் போன் அடித்தது.

அந்த நேரத்தில் எனக்கு வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்? பிரேக் பிடித்து இறங்கிவிட்டேன்.

"என்னங்க, ஜெயிச்சீங்களா?"

"இன்னும் முடியல."

"முடியலயா? ஆறு மணின்னு சொன்னீங்களே! முடிஞ்சிருக்கும்னுதான் டூட்டி முடிச்சிட்டு வந்து கூப்பிடறேன்."

"ஆறுன்னா ஆறுக்கேவா? இது நம்ம ஊரு பந்தயம்மா."

"ஆமால்ல," என்றாள். "எனக்கு மறந்தே போச்சுங்க."

சாதாரண விஷயம்தான். ஆனால் அவள் அதைச் சொன்ன குரல் என்னைப் போட்டு உலுக்கிவிட்டது. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டினார்கள். "செயின் கழண்டுடுச்சா?" என்று ஒருவன் கேட்டுக்கொண்டே போனான்.

அவளுக்கு அது கேட்டுவிட்டது. "ஐயோ, இதுக்கா எறங்கி நிக்கறீங்க? மிதிங்க, மிதிங்க! போன வைக்காதீங்க, அப்படியே பாக்கெட்ல போடுங்க. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

போட்டுக்கொண்டு மிதித்தேன். ஜெயிப்பதெல்லாம் அதோடு போயிற்று. ஆனால் அப்படி நான் மிதித்ததே இல்லை. மோட்டார் ஓடியது, லாரி ஹாரன் அடித்தது, ரோட்டோரத்துப் பிள்ளைகள் கத்தினார்கள், எல்லாவற்றையும் அவள் கேட்டுக்கொண்டு வருகிறாள். வேப்பூர் டீக்கடை அண்ணன்கூடப் பந்தயம் பார்க்க வந்து நின்றிருந்தார். "வுடாதீங்க சாமி!" என்று அவர் போட்ட சத்தம் எனக்கே காதை அடைத்தது.

அந்த வேகத்தில்தான் வாய் திறந்தது. "வந்துடு!" என்று கத்தினேன். "போதும், வந்துடு! நீ இல்லாம என்னால முடியல, வந்துடு!"

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு அக்கா ஓரமாக ஒதுங்கி, "யாரப்பா வரச் சொல்ற? எல்லாரும் முன்னாடி போயிட்டாங்க!" என்றாள்.

கோயில் வாசலுக்கு நான் போனபோது மங்களூர்க்காரர் மாலை போட்டுக்கொண்டு சர்பத் குடித்துக்கொண்டிருந்தார். போனை எடுத்துப் பார்த்தேன். லைன் அறுந்திருந்தது. எங்கே அறுந்ததென்று தெரியவில்லை. திரும்ப அவளைக் கூப்பிட எனக்கு வழியும் இல்லை.

ஞாயிறு வரை சோறு இறங்கவில்லை. இருட்டிலேயே பாலத்துக்குப் போய்க் காத்திருந்தேன். போன் வந்ததும் அவள் என் இருமலைப் பற்றி விசாரித்தாள். நான் நடுவில் புகுந்து, "அன்னிக்கு எதுவரைக்கும் கேட்டுச்சு?" என்றேன்.

"ஆட்டுக்கார அக்கா பேசுனாங்களே, அதுவரைக்கும்."

"அப்ப நான் சொன்னது?"

"கேட்டுச்சுங்க."

பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். "அதுக்கு மொத நாளே கையெழுத்துப் போட்டுட்டேன். அதச் சொல்லத்தான் அன்னிக்குக் கூப்பிட்டேன். நீங்க ஒரு தடவகூட வான்னு சொல்லலியே, சரி, இங்கயே இருக்கட்டும்னுதான் நீங்களும் நெனைக்கறீங்கன்னு இருந்துட்டேன்."

பாலத்தடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அழுகிறாளா என்று கேட்டால் இல்லை என்பாள், அதனால் கேட்கவில்லை.

"கார்டுல இன்னும் கொஞ்சம் இருக்குது," என்றாள். "அன்னிக்கு மாதிரியே பாக்கெட்ல போடுங்க. தீர்ற வரைக்கும் கேக்கறேன்."

பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஏறினேன். வேப்பூர் பக்கமாக, எவ்வளவு மெதுவாக மிதிக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக மிதித்தேன்.