மரக்காணத்து வெளிநாட்டவர்

இந்தியா இரட்டைக் குடியுரிமை தரப்போகிறது என்ற செய்தியைக் கேட்டதும் என் கணவர் கடைக்குப் போய் அரைக் கிலோ லட்டு வாங்கி வந்தார். அது 2005. பாரீசுக்கு வடக்கே ஒரு புறநகரில், ஐந்தாம் மாடியில் குடியிருந்தோம். கணவர் புதுச்சேரிக்காரர். அவருடைய தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களைப் புதுச்சேரியில் ‘சொல்தா’ என்பார்கள். அந்தத் தாத்தாவின் புண்ணியத்தில் என் கணவர் பிறக்கும்போதே பிரெஞ்சுக் குடிமகன். ஒரு நாள்கூட இந்தியக் குடிமகனாக இருந்ததில்லை. லட்டு வாங்க ஓடியது அவர்தான். மரக்காணத்தில் பிறந்து வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு நீலப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுச் சிவப்புப் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்ட நான் ஒரு லட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

“இனிமே நாம ரெண்டு நாட்டுக்காரங்க,” என்றார்.

“ஒரு நாட்டுலயே நம்ம பேரச் சரியாச் சொல்ல ஆளில்ல,” என்றேன்.

பொய்யில்லை. அந்த வருடம்தான் பிரான்சில் முதல்முறையாக ஓட்டுப் போடப் போயிருந்தேன். அங்கே அதிகாரி ஒரு பெயரை உரக்க வாசித்தார். யாரும் போகவில்லை. மறுபடி வாசித்தார். யாரோ வடநாட்டுக்காரப் பெண் போலிருக்கிறது என்று நானும் சுற்றிப் பார்த்தேன். பின்னால் நின்றவர் தோளைத் தொட்டபிறகுதான் அது நான் என்று தெரிந்தது.

நவம்பரில் அண்ணன் போன் செய்தான். மழையில் உப்பளத்து வரப்பில் வழுக்கி அப்பா விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிவு. அம்மா போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. தையில் பாத்தி கட்ட ஆரம்பித்துவிட்டால் அண்ணனும் அண்ணியும் விடிந்ததிலிருந்து அளத்தில்தான் இருக்க வேண்டும். மகளைக் கணவர் பொறுப்பில் விட்டுவிட்டு, நான் வேலை பார்த்த பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்தேன். இரட்டைக் குடியுரிமை எப்போது வரும் என்று தூதரகத்தில் கேட்டேன். “வரும், இப்போதைக்கு விசா எடுத்துக்கொண்டு போங்கள்,” என்றார்கள். சொந்த அப்பாவைப் பார்க்க விசாவில் போனேன்.

ஒரு மாதத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்பாவின் எலும்பு வேறு மாதிரி நினைத்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். புண் ஆறவில்லை. மறுபடி திறந்து மறுபடி தைத்தார்கள். பொங்கல் போயிற்று. பாத்திகளில் உப்பு பூத்தது. ஏப்ரல் வெயிலில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற பஸ்காரர்கள் எல்லாம் கண்ணைச் சுருக்கிக்கொள்ளும்படி அளம் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள். அப்பா வாக்கர் பிடித்து வாசல்வரை வரத் தொடங்கினார். ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் வெளிநாட்டவர் போலீசில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று விசாவில் அச்சடித்திருந்ததை அப்போதுதான் முழுதாகப் படித்தேன். விழுப்புரம் போய் விண்ணப்பம் கொடுத்தேன். ஊர் ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்கு வருவார்கள் என்றார்கள்.

வந்தவர் ஏட்டு. பத்தாம் வகுப்புவரை என்னோடு படித்தவர். கணக்குப் பரீட்சையில் என்னைப் பார்த்து எழுதியவர். அன்றைக்கு நான் கொல்லையில் சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் அவர் குரல் கேட்டது.

“இந்த வீட்ல ஒரு வெளிநாட்டவர் தங்கியிருக்கிறதா தகவல். எங்க இருக்கிறாங்க?”

“வெளிநாட்டவரா?” என்றார் அப்பா. “யார்ரா அது? அண்ணாந்து பாத்தா ஓடு, குனிஞ்சு பாத்தா நானு. எவன் வந்து இங்க தங்குவான்?”

“உம் பொண்ணுதான், மாமா.”

“அவ மீன் கழுவிக்கிட்டு இருக்கிறா.”

கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். ஏட்டு சட்டென்று எழுந்து, “வாங்க மேடம்,” என்றார். பிறகு சிரித்துவிட்டார். “எப்ப வந்த? ஆளு இளைச்சிட்ட.” அதன்பிறகு காகிதத்தைப் பார்க்கும்போது ‘நீங்க’ என்றும், என்னைப் பார்க்கும்போது ‘நீ’ என்றும் பேசினார். இரண்டும் மாறி மாறி வந்ததால் அடுத்து எது வரும் என்று என் காது காத்துக்கொண்டே இருந்தது.

“இந்த வெளிநாட்டவர உங்களுக்கு எவ்வளவு காலமா தெரியும்?” என்று அப்பாவிடம் கேட்டார்.

“பொறந்ததுலேருந்து தெரியும். பிரசவம் பாத்த மருத்துவச்சியையும் கூப்பிடணுமா?”

“நடமாட்டத்துல சந்தேகம் ஏதாவது இருக்குதா?”

“மருமகளோட சண்ட போடுறா. மீன்ல புளி பத்தலைன்னு. அத எழுதிக்க.”

ஏட்டு எழுதவில்லை. “கோச்சுக்காதீங்க மாமா, கேக்கணும்னு இருக்குது,” என்றார். அவர் போனபிறகு மீனைக் குழம்பில் போட்டேன். அன்றைக்கு என் கை உப்பை அள்ளிப் போட்டுவிட்டது. உப்பளக்காரர் வீட்டில் குழம்பு கரித்தால் யாரும் வாய்திறந்து சொல்வதில்லை.

அடுத்த வாரம் மே மாதத் தேர்தல். கட்சிக்காரர்கள் பூத் சிலிப் கொண்டுவந்தார்கள். அப்பாவுக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று, அண்ணிக்கு ஒன்று. நான்காவது என் பெயரில். அப்பா பெயருக்குக் கீழே, என் பெயர் தமிழில், ஓர் எழுத்துப் பிழையில்லாமல் அச்சாகியிருந்தது.

“எம் பேர ஏன் இன்னும் லிஸ்ட்லேருந்து எடுக்கல?” என்று அண்ணனிடம் கேட்டேன்.

“எழுதிக் குடுக்கலாம்னுதான் போனேன். அப்பா விடலியே.”

அப்பா கட்டிலில் இருந்தபடி சொன்னார். “ஒவ்வொரு தடவ லிஸ்ட் சரிபாக்க வரும்போதும், யாராவது செத்தவங்க இருக்கிறாங்களா, பேர அடிக்கணும்னு கேப்பாங்க. எம் பொண்ணு என்ன செத்தா போயிட்டா?”

அவரே தொடர்ந்தார். “இந்தத் தடவ எனக்கு நடக்க முடியுமோ முடியாதோ. எங் கட்சிக்கு ஒரு ஓட்டு குறையக் கூடாது. நீ போய்ப் போட்டுட்டு வா.”

“நான் போட்டா குத்தம்பா. நான் இந்த நாட்டுப் பிரஜை இல்ல.”

“லிஸ்ட்ல பேர் இருக்குதில்ல?”

“இருக்குது. ஆனா...”

“அப்ப நீ இந்த ஊர்க்காரி. அவ்வளவுதான்.”

அன்று மாலையும் மறுநாளும் அப்பா என்னோடு பேசவில்லை. கஞ்சியைக்கூட அண்ணி கையால்தான் வாங்கிக் குடித்தார். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆசை இல்லாமலில்லை. ஒரு பொத்தான். ஒரு நொடி. யாருக்குத் தெரியும்? ஏட்டுக்குத் தெரியும் என்று நினைவு வந்ததும் ஆசை அடங்கிவிட்டது.

தேர்தலன்று உப்பு மூட்டை ஏற்றுகிற குட்டி யானை வண்டியைக் கழுவி, அதில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அப்பாவை உட்கார வைத்தோம். வெள்ளை வேட்டி, சட்டை, நெற்றியில் திருநீறு. பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இறக்கினோம். அண்ணனும் இன்னொருவரும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். அப்பாவின் கட்சிக்காரர் என்னைப் பார்த்துவிட்டார்.

“ஏம்மா, ஏன் வெளிய நிக்கிற? உம் பேர் இருக்குது. உள்ள வா.”

“எனக்கு ஓட்டு இல்லீங்க. நான் வெளிநாட்டுப் பிரஜை.”

“மரக்காணத்துல பொறந்தவ வெளிநாடா? நல்லாருக்குது கத.”

எதிர்க்கட்சிக்காரர் இதைக் கேட்டுக்கொண்டே வந்தார். “தங்கச்சி நம்ம பக்கம்பா. அப்பா எதிர்ல சொல்லப் பயப்படுது. நீ வாம்மா, எவனும் கேக்க மாட்டான்.”

இரண்டு கட்சிகளும் ஓர் ஆளுக்காகச் சண்டை போட்டதை என் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன். எந்த நாட்டில் நான் குடிமகளோ அங்கே யாரும் என் வாசல் கதவைத் தட்டியதில்லை. ஆட்கள் கூடினார்கள். கேட்டுக்குள் பந்தோபஸ்தில் நின்றிருந்த ஏட்டு வெளியே வந்தார்.

“விடுங்கப்பா. அவங்க ஃபாரினர்தான். விசாரிச்சு நானே எழுதிக் குடுத்திருக்கிறேன்.”

கூட்டம் அடங்கிவிட்டது. போலீஸ் சொன்னால் சரிதான். என்னைக் காப்பாற்றியதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கண்ணில் வெயில் பட்டதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் என் பக்கம் பார்க்காமல், “போய் நெழல்ல நில்லு,” என்றார்.

அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். விரலில் மை. முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை. வண்டியில் ஏறியதும், “ஒன்னுதான் போட்டேன். ரெண்டு போட்டிருக்கணும்,” என்றார். ஆனாலும் பேச்சு திரும்பிவிட்டது. முடிவு வந்தபோது அவர் கட்சி ஜெயித்ததா தோற்றதா என்பதை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும். ஊரில் உறவுகள் இருக்கிறார்கள்.

ஜூனில் பாரீசு திரும்பினேன். அதற்குள் கணவர் விண்ணப்பங்களை வாங்கி நிரப்பி வைத்திருந்தார். இந்திய அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பேன் என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டோம். வருடக் கடைசியில் பாஸ்போர்ட் போலவே ஒரு சின்னப் புத்தகம் வந்தது. கணவர் மறுபடி லட்டு வாங்க ஓடினார். நான் புத்தகத்தோடு வந்த காகிதத்தைப் படித்தேன். விசா வேண்டாம். போலீஸ் பதிவு வேண்டாம். விவசாய நிலம் வாங்க முடியாது. ஓட்டு கிடையாது. குடியுரிமை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பூனைக்குச் சிங்கம் என்று பெயர் வைத்திருந்தாள் என் மகள், அதுபோல.

செய்தியைச் சொல்ல மரக்காணத்துக்குப் போன் செய்தேன். அப்பாதான் எடுத்தார்.

“எல்லாம் தெரியும்,” என்றார். “உன் விண்ணப்பத்த விசாரிக்கணும்னு அந்த ஏட்டு பையன் வந்தான். ‘லிஸ்ட்ல அது பேர் கெடந்தா நாளைக்கு அந்தக் குடியுரிமைக்கு எதுனா வில்லங்கம் வரும், மாமா’ன்னான். நானே வாக்கர் புடிச்சுக்கினு தாலுக்கா ஆபீசுக்குப் போனேன். எழுதிக் குடுத்துட்டேன்.”

“என்னன்னு எழுதுன?”

“காரணம்னு ஒரு எடம் இருந்துது. செத்துட்டாங்க, ஊர விட்டுப் போயிட்டாங்க, ரெண்டுல ஒன்னு போடணுமாம். ஊர விட்டுப் போயிட்டான்னு போட்டேன். வேற என்ன போடுறது?”

கையிலிருந்த புதுப் புத்தகத்தை மூடி வைத்தேன். பிறகு, இங்கே நல்ல மழை, அளமெல்லாம் ஏரியாகக் கிடக்கிறது, பொங்கல் கழித்துத்தான் தண்ணீர் இறைக்க வேண்டும் என்றார். அங்கே குளிரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். குல்லா போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.