பொட்டு வைத்த துப்பாக்கி

ஆயுத பூஜையில் எதையும் விட்டுவிடக் கூடாது என்பது அக்காவின் கட்சி. சோடா மிஷின், அதன் கேஸ் சிலிண்டர், சைக்கிள், அரிவாள்மனை, கோலி பாட்டில்கள், என் கல்லூரி கெமிஸ்ட்ரி புத்தகம், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அந்த வருஷம் ஒரு துப்பாக்கிக்கும்.

ஆமாம், துப்பாக்கி. கொரடாச்சேரிப் பக்கம் ஒரு மிராசு பங்களாவை இடித்தபோது, சோடாக் கடைக்கு ஸ்டாண்டு அடிக்கலாமென்று அத்தான் பழைய இரும்பைக் கட்டாக வாங்கிப் போட்டிருந்தார். பூஜைக்குக் கடையைக் கழுவும்போது கட்டுக்குள்ளிருந்து அது எட்டிப் பார்த்தது. "இரும்புன்னா ஆயுதந்தானே," என்று அக்கா எண்ணெய் போட்டுத் துடைத்து, நடுவில் கிடத்திப் பொட்டும் வைத்துவிட்டாள்.

கூலிச் சண்டை கொதித்த காலம். கோட்டையில் ஆட்சி மாறியிருந்தது, வரப்பில் மாறவில்லை. குறுவை அறுப்புக்கு நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்டு ஆட்கள் வயலைவிட்டு ஏறினால், பின்னாலேயே லாரியில் போலீஸ் இறங்கும். சங்கக் கூட்டங்களுக்குச் சோடா போனது அத்தான் கடையிலிருந்து.

பூஜைப் பொரிக்கு வந்த ஏட்டய்யா, வாய்க்குப் போன பொரியோடு நின்றார்.

"என்னய்யா இது? கூட்டத்துல சோடா பாட்டில் வீசுறது பத்தலயா, துப்பாக்கி வேறயா?"

"பழைய இரும்புங்க." அத்தான் பொரித் தட்டைக் கீழே வைத்தார்.

"லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. சங்கத்துக்குப் பதுக்குனேன்னு எழுதினா உள்ளேயே கெடப்பே." கை நீட்டினார். அக்கா குறுக்கே பாய்ந்தாள்.

"தொடாதீங்க ஏட்டய்யா! பூஜையில வச்சதைக் காலையிலதான் எடுக்கணும். உங்க ஸ்டேஷன்லயும் துப்பாக்கிக்குப் பொட்டு வச்சிருப்பீங்கல்ல, இன்னைக்கு எடுப்பீங்களா?"

அவர் நெற்றியில் ஸ்டேஷன் சந்தனம் இன்னும் காயவில்லை. நீட்டிய கை மடங்கியது. "காலையில இன்ஸ்பெக்டரோட வரேன். அதுவும் இங்கயே இருக்கணும், நீயும் இங்கயே இருக்கணும்."

ஒரு மாலைப்பொழுது மிச்சம் கிடைத்தது. தொட எங்களையும் அக்கா விடவில்லை. பார்க்கலாம், அவ்வளவுதான். நானும் அத்தானும் ஆளுக்கொரு பக்கம் குப்புறப் படுத்து டார்ச் அடித்தோம். மூக்கில் சாம்பிராணி, முழங்கையில் பொரி. பயம் முற்றினால் சிரிப்பாகிவிடுகிறது. இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம்.

"மாப்ள, தோட்டா எங்க போடுவான்?"

போட இடமே இல்லை. பின்னால் பட்டாணி நுழைகிற ஓட்டை ஒன்று, அவ்வளவே. இரும்பில் பொறித்த எழுத்துகளின் தலையில் சின்னச் சின்னக் கீற்றுகள். பிரெஞ்சு எழுத்து; காரைக்கால் வழியாக வந்த சரக்கு. குழலுக்கு அடியில் முழங்கை நீளத்துக்குத் தடித்த இன்னொரு குழாய். விசையை இழுத்தால் சுத்தி போய் விழுவது குழலில் அல்ல, இந்த அடிக்குழாயின் வாயில். ஏன்?

அக்கா திரியைத் தூண்டியபடி சொன்னாள்: "சிலிண்டருக்கும் இதுக்கும் கழுத்துலதான் பொட்டு வச்சேன். ரெண்டுக்கும் ஒரே மாதிரி பித்தளைக் கழுத்து."

அத்தான் படுத்தபடியே துள்ளினார். "அடியே! சிலிண்டர்டி இது! நம்ம சிலிண்டர் போட்ட குட்டி! சுத்தி வால்வைத் தட்டுது, கேஸ் பீறிடுது, குண்டு பறக்குது. மருந்தே கெடையாது. சோடாத் துப்பாக்கிடீ!"

குருவி சுடுகிற காற்றுத் துப்பாக்கி இனம். அதற்கு யாரும் லைசென்ஸ் கேட்டதில்லை. ஆனால் இன்ஸ்பெக்டர் நம்பவேண்டுமே?

வழியை விஜயதசமியே வைத்திருந்தது. பூஜையிலிருந்து எடுத்த கருவியை அதன் தொழிலில் ஒரு தடவை ஓட்டியாக வேண்டும். சைக்கிளுக்கு ஒரு மிதி, மிஷினுக்கு ஒரு சுற்று, எனக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம். துப்பாக்கிக்கு?

விடிந்ததும் கற்பூரம் காட்டி எடுத்தார் அத்தான். அடிக்குழாயைக் கழற்றி, பொடிந்த வாஷருக்குப் பதில் சோடா மிஷின் வாஷரைப் போட்டு, சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றிச் சிலிண்டரோடு இணைத்து கேஸ் ஏற்றினார். சோப்புத் தண்ணீரில் முக்கினோம். ஒரு குமிழி வரவில்லை. அந்தக் கிழட்டு வால்வை முத்தமிடலாம் போலிருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். நேற்றைய கலவரத்தில் உடைக்க மறந்த திருஷ்டிப் பூசணிக்காயை வாசலில் வைத்தோம். ஓட்டையில் ஒரு காய்ந்த பட்டாணி. ஏட்டய்யா சோடாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். அத்தான் விசையை இழுத்தார்.

புஸ்ஸ்ஸ்!

சோடா உடைக்கும் அதே சத்தம். புகை இல்லை, மருந்து வாசனை இல்லை. பூசணியின் வயிற்றில் ஒரு துளை.

"தொட்டுப் பாருங்கய்யா," என்றார் அத்தான். கேஸ் பீறிட்ட குளிரில், மார்கழியிலும் எங்கள் ஊர் காணாத வெண்பனி அந்த இரும்பில் பூத்திருந்தது. இன்ஸ்பெக்டர் தொட்டார், விரலை உதறினார், மறுபடி தொட்டார்.

"ஏட்டு, இதுக்குக் கேஸ் போட்டா சோடா பாட்டிலுக்கும் போடணும்யா. விடு."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா, தெரியவில்லை. அத்தான் ஏட்டய்யாவுக்குச் சோடா உடைத்தார். பொங்கி வந்ததில் பாதி ஏட்டய்யா சட்டைக்குப் போயிற்று.

இன்ஸ்பெக்டர் மட்டும் கிளம்பவில்லை. பூசணிக்காயைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, இன்னும் பட்டாணி இருக்கா?"