நீர்யானைக்குப் போட்ட சொடக்கு

யார் கொட்டாவி விட்டாலும் எங்கள் அம்மாவுக்குப் பொறுக்காது. வாய்க்கு நேரே சொடக்குப் போட்டே ஆகவேண்டும்; இல்லையென்றால் ஆயுசு அந்த வழியாக வெளியேறிவிடுமாம். பஸ்ஸில் முன்சீட்டில் தூங்கி வழிகிற ஆளுக்குக்கூட எட்டிச் சொடக்குப் போட்டவள். நீர்யானையை மட்டும் சும்மா விடுவாளா?

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அருப்புக்கோட்டையிலிருந்து வேன் பிடித்துத் திருவனந்தபுரம் போனோம். சாமி கும்பிடவும் மிருகக்காட்சி சாலை பார்க்கவும் என்று பேர். உண்மையில் அத்தைக்காகத்தான் அந்தப் பயணம். அப்பாவின் தங்கையான அவள் திருச்சுழியில் வாக்கப்பட்டவள். காதுவலிக்கு வைத்தியம் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஒரு காது மட்டும் ஏன் வலித்தது என்று நான் கேட்கவில்லை. வலி தீர்ந்த பிறகும் அவள் ஊருக்குப் போகவில்லை. சேர்ந்து நாலு இடம் சுற்றினால் மனசு இளகும், திரும்பும்போது புருஷனோடு போய்விடுவாள் என்பது அப்பாவின் யோசனை. மாமாவும் புதுச் சட்டையில் வந்திருந்தார். வழியெல்லாம் எனக்கு முறுக்கு வாங்கித் தந்தார். நல்ல மனிதர் என்றே நினைத்தேன்.

நீர்யானை என்ற பேரை நம்பி நான் தும்பிக்கையைத் தேடினேன். தும்பிக்கையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பச்சைத் தண்ணீருக்கு மேலே ரெண்டு காது, ரெண்டு கண், ரெண்டு மூக்கு ஓட்டை, மிச்சமெல்லாம் உள்ளே. கொஞ்ச நேரத்தில் அது கரையேறியது. பின்னாலேயே குட்டி. அம்மாடி, என்னா உடம்பு! முடி என்று பார்த்தால் மூஞ்சியில் பேருக்கு நாலு. முதுகில் சிவப்பாக ஏதோ வழிந்தது.

"இத யாரு அடிச்சா?" என்றாள் அத்தை. அன்று அவள் முதன்முதலாக வாய் திறந்தது அப்போதுதான்.

தீனி போட வந்தவர் நாகர்கோவில்காரர். "அடிக்கலம்மா. அதுக்கு வேர்வையே அப்படித்தான். வெயிலுக்குத் தாங்கணும்ல," என்றார்.

மாமா செல்போனைத் தூக்கிக்கொண்டு கம்பிவேலியில் சாய்ந்தார். நீர்யானை வாயைத் திறந்தது. ஒரு மூட்டைப் பருத்தியை அப்படியே உள்ளே தள்ளலாம். அம்மா பதறிப்போய் ரெண்டு கையாலும் சொடக்கினாள்.

"அய்யோ, அது கொட்டாவி இல்லம்மா! கிட்ட வராதங்குது. சார், தள்ளி வாங்க!" என்று கத்தினார் தீனிக்காரர்.

மாமா துள்ளிப் பின்வாங்கியதில் செருப்பு ஒன்று கழன்றது. எல்லோரும் சிரித்தோம். அத்தை சிரிக்கவில்லை.

"இதோட ஆணு எங்கண்ணே?" என்று தீனிக்காரரிடம் கேட்டாள்.

"அந்தப் பக்கம் பிரிச்சு விட்டிருக்கும்மா. குட்டி இருக்கயில ஆண கிட்டச் சேத்தா சமயத்துல குட்டியக் கொன்னுரும். தாய் அண்ட விடாது."

"எத்தன மாசம் சுமக்கும்?"

"எட்டு மாசம்."

அத்தை தலையை ஆட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு குட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் சாயங்காலம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வேன் நின்றது. திருச்சுழி பஸ் புறப்படத் தயாராக இருந்தது. மாமா அத்தையின் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அத்தை இறங்கவில்லை.

"நான் வரல. பைய வச்சிட்டுப் போங்க."

"என்னத்தா இது, மாப்ள நிக்கிறாக, நாலு பேரு பாக்குறாக," என்று அப்பா கெஞ்சினார். அவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். கடைசியில் அம்மாதான் இறங்கினாள். மாமா கையிலிருந்த பையை வாங்கி அத்தையின் காலடியில் வைத்துவிட்டு, "அவுகள பஸ் ஏத்திவிட்டு வாங்க," என்று அப்பாவிடம் சொன்னாள். பஸ் மாமாவை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது.

எனக்கு அத்தையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இவ்வளவு பெரிய பொம்பளை ஒரு மிருகத்துக்குப் போய் இப்படிப் பயந்துவிட்டாளே! பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொன்னேன்.

"பயப்படாத அத்தை. திருச்சுழிக் கம்மாயில தண்ணியே கெடையாது. நீர்யானை எப்படி வரும்?"

அத்தை என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள், கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். ரெண்டு கையாலும் வயிற்றைப் பொத்திப் பிடித்திருந்தாள். சிரிப்புத் தாங்காமல்தான் பிடிக்கிறாள் என்று நினைத்து, நானும் என் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.