தைத்து மூடிய சாவுப் பாட்டு

அந்தப் புத்தகத்தை எடுத்தாலே பாச்சை உருண்டையும் பழைய பசையும் கலந்த வாடை வரும். முகப்புத் தாள் கிழிந்துபோனதால் அச்சான ஆண்டு தெரியாது. எழுத்தின் வடிவை வைத்து நான் போடும் கணக்குகள் எனக்கே நிறைவு தருவதில்லை. தலை வெட்டுண்டு இறந்த ஒரு வேதசாட்சியின் கதையைப் பாட்டாகச் சொல்லும் நாடகப் புத்தகம் அது; அந்த நாடகத்தைக் கிள்ளான் நகரில் எங்கள் தேவாலய மண்டபத்தில் தவக்காலந்தோறும் நடிப்பார்கள்.

வாளை ஓங்கியபடி கொலைஞன் பாடும் "சாவுப் பாட்டை" மேடையில் மட்டுமே பாட வேண்டும். "ஒத்திகையில பாடினா வேதசாட்சியா நடிக்கிறவரு உசிரு போகும்" என்பார்கள் பெரியவர்கள். அந்தத் தாள்களை நூலால் தைத்தே வைத்திருப்பார்கள். புத்தகம் வேதசாட்சியாக நடிப்பவர் வீட்டில் இருக்கும்.

நான் பள்ளியில் நான்காம் ஆண்டு படித்தபோது அந்த வேடம் அப்பாவுக்கு வந்தது. கொலைஞன் வேடம் வழக்கம்போல லோரி ஓட்டும் சூசை அங்கிளுக்கு. ஒத்திகை முடிந்து எங்கள் வீட்டில் தேநீர் குடிக்கும்போது, அவர் விளையாட்டாகச் சாவுப் பாட்டின் முதலடியை இழுத்துப் பாடிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. அந்த வாரமே அப்பாவுக்குக் காய்ச்சல்.

"நீங்க போக வேணாம்," என்றார் அம்மா.

"பாட்டு என்ன கத்தியா லா, கழுத்த வெட்ட? இப்பப் போய் வேற ஆளு யாரு?"

அம்மா நூலைப் பிரித்து, தன் கணவருக்கு நேரப்போவதை அடியடியாகப் படித்தார். பிறகு அதே துளைகளில் தைத்தார்.

நாடகத்தன்று அப்பா கட்டையில் கழுத்தை வைத்தபோது உடல் நடுங்கியது நடிப்பில்லை என்று முன்வரிசையில் இருந்த எங்களுக்குத் தெரியும். பாட்டு முடிந்தால்தான் வாள் இறங்கும், திரை விழும். வாளை ஓங்கிய சூசை அங்கிளோ வாயைத் திறக்கவில்லை. ஆர்மோனியம் திரும்பத் திரும்பச் சுரம் எடுத்துக்கொடுத்தது.

"பாடுங்கண்ணே," என்று பக்கத் திரையிலிருந்து யாரோ கெஞ்சினார்கள். அவர் மறுப்பாகத் தலையை மட்டும் ஆட்டினார். அப்பாவின் கை கட்டையிலிருந்து நழுவியது.

அம்மா எழுந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஆண்டுதோறும் கேட்ட மெட்டில், கணவரின் சாவுப் பாட்டை ஒரு சொல்லும் பிசகாமல் பாடி முடித்தார். மரவாள் இறங்கியது.

திரைக்குப் பின்னால் ஓடி அப்பாவின் நெற்றியைத் தொட்டு, "எந்திரிங்க, முடிஞ்சிருச்சு," என்றார்.

"நல்லாத்தான் பாடுற," என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

அதற்குப் பிறகு நெடுங்காலம் வாழ்ந்தே அப்பா போனார். மண்டபம் இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன, அந்த ஆண்டுக்குப் பின் நாடகத்தை நடிப்பாருமில்லை. புத்தகம், நான் இப்போது வசிக்கும் பிரிக்பீல்ட்ஸில் என் அலமாரியில் இருக்கிறது. அன்று அம்மா அதே துளைகளில் தைத்த தாள்களை இதுவரை யாரும் பிரிக்கவில்லை. நான் தேடும் ஆண்டு அவற்றுக்குள் அச்சாகியிருக்கலாம். கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.