மெசினுக்கு எம்புட்டுக் கோவம்!

திட்டு வாங்குவதையும் சம்பளத்தோடு சேர்த்துக்கொண்ட சக தொழிலாளிகளே, ராஜபாளையத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் பெண்களின் மார்பை இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து அமுக்கிப் படம் எடுப்பது என் வேலை. கடைவீதியில் என்னைக் கண்டால் பாதிப் பேர் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள்.

பரவிருமாம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் பேச்சியம்மாக்கா, கட்டி தட்டுப்பட்டு நாலு மாதம் கழித்துத்தான் வந்தார். அமுக்கினால் கட்டி உடைந்து உடம்பெல்லாம் பரவிவிடும் என்று தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் தங்கச்சி சொன்னாளாம். "அமுக்குறதால எதுவும் பரவாது. நாலு மாசம் சும்மா இருந்ததுதான் தப்பு" என்று பொரிந்து தள்ளினேன். வழக்கம்போல "வலிக்காதுக்கா" என்றும் சொல்லி, தட்டை இறக்கினேன்.

"ஏட்டி, மெசினுக்கு எம்புட்டுக் கோவம்! ஒன்னய மாதிரியே இருக்கே!"

பதம்

அடுத்து டாக்டரம்மா, சதை எவ்வளவு இறுகியிருக்கிறது என்று காட்டும் ஸ்கேன் எடுத்தார். கெட்டியானதெல்லாம் புற்றுநோய் இல்லை. ஆனால் புற்றுக்கட்டி வளர வளரச் சுற்றியுள்ள சதையும் இறுகும், அந்த இறுக்கமே கட்டியை மேலும் வளரத் தூண்டும் என்றார். நான் அதையே மூன்று விதமாக விளக்கி, மூன்று விதமாகக் குழப்பினேன்.

"இதென்ன, ஓரத்துல இறுகினதைச் சுரண்டி விடாட்டி மொத்தக் கோவாவும் கட்டிதட்டிப் போற கதைதான?" என்றார் அக்கா. தெரிந்தவர் ஏன் நாலு மாதம் காத்திருந்தார் என்று மறுபடி பாய்ந்தேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கோவான்னா அடுப்பை அணைச்சிருவேன் தாயி. இதுக்கு எந்த அடுப்பை அணைக்கன்னு தெரியலையே."

உள்ளதைக் கொறைக்காத

ஊசியால் சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய்தான் என்று தெரிந்தது; நல்லவேளை, பரவவில்லை. மதுரையில் ஆபரேஷன், சிகிச்சை எல்லாம் முடித்து, மறுவருஷம் அதே தங்கச்சியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார் அக்கா. தங்கச்சிக்குப் படம் எடுத்து முடித்ததும் என்னைப் பார்த்து, "நீ எப்பம் எடுத்த?" என்றார்.

பன்னிரண்டு வருஷமாக ஊரையே அமுக்கியவள், ஒரு தடவைகூட அந்த மெசினுக்கு முன்னால் நின்றதில்லை. இரண்டு மாதமாக இடது பக்கம் எனக்கும் ஏதோ தட்டுப்பட்டுக்கொண்டிருந்தது. பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு அக்காவிடம் உளறிவிட்டேன். அடுத்த நிமிஷம் நான் மெசினுக்கு முன்னால் நின்றேன். கூட வேலை பார்க்கும் செல்வி தட்டை இறக்கினாள். நான் போட்ட சத்தம் வாசல்வரை கேட்டிருக்கும். கதவுக்கு வெளியிலிருந்து பேச்சியம்மாக்கா குரல் வந்தது.

"நாலு மாசத்துக்கு என்னய எம்புட்டு வஞ்சா! ரெண்டு மாசத்துக்கு உள்ளதைக் கொறைக்காம அமுக்கு தாயி!"

அது வெறும் நீர்க்கட்டிதான் என்றார் டாக்டரம்மா. ஆனால் பன்னிரண்டு வருஷமாக "வலிக்காதுக்கா" என்று நான் சொல்லிவந்த பொய்க்கெல்லாம் சேர்த்து அந்த ஒரு நிமிஷத்தில் தண்டனை அனுபவித்துவிட்டேன்.