அப்பத்துக்கு வைத்த வாளி

பனி வழிக்கிற சவல் மண்வெட்டியைத் தேடிக் கராஜைக் கிளறியபோது அது காலில் விழுந்தது. இரண்டு நீளப் பிடி, நடுவில் ஒரு வட்டக் குழி, உரிந்துபோன சிவப்புப் பெயின்ற். நொண்டிக்கொண்டு உள்ளே கொண்டுபோனேன். மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, வட் இஸ் திஸ்? பாக்குவெட்டியோ?" என்றாள். பியர்ப் போத்தலுக்கு மூடி அடிக்கிற சாமான் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். வெள்ளிக்கிழமை மீன்கூடச் சமைக்காத அம்மாவிடம் இப்படி ஒரு ஆயுதமா என்று பிள்ளை நினைத்திருக்க வேண்டும்.

கனடாவுக்கு வந்த புதிது, இந்த ஸ்ரௌவ்வில் ஊரில் வீடு வாங்குவோம் என்று கனவிலும் நினைக்காத காலம் அது. எண்பத்தைந்தோ எண்பத்தாறோ, சரியாக ஞாபகமில்லை. ஸ்காபரோவில் எட்டாம் மாடியில் ஒற்றை அறை அப்பார்ட்மென்ற். நான், இவர், இவருடைய தம்பி ரவி. ரவிக்குக் கட்டில் என்பது வரவேற்பறைச் சோபாதான்.

ரவியோடு பக்ரறியில் வேலை செய்த ஒரு இத்தாலியர் தன் வீட்டு பேஸ்மென்ற்றில் வைன் போடுகிறவர். அவர்தான் ஆசை காட்டி, மூடியோடு ஒரு வெள்ளை வாளி, ஒரு றப்பர்க் குழாய், இந்த மூடி அடிக்கிற சாமான் எல்லாவற்றையும் இரவலாகக் கொடுத்துவிட்டார். ரவி தகரத்தில் அடைத்த மோல்ற் பாணி, அதுதான் முளைவிட்ட பார்லியின் பாகு, வாங்கி வந்து அடுப்பில் காய்ச்சினான். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு ஆற்றிக் கொடுக்கிற மோல்ற்றின் மணம் வீடெல்லாம் பரவியது. இதிலிருந்தா வெறி வரப்போகிறது என்று நான் சிரித்தேன். ஈஸ்ற்றைப் போட்டு மூடி வைத்த பிறகு வாளி தன்பாட்டில் முணுமுணுக்கத் தொடங்கியது. வீட்டில் நாலாவது ஆள் இருப்பதுபோல நாங்களும் அதற்குப் பழகிவிட்டோம்.

அந்த நேரம் பார்த்துத்தான் ரவிக்குக் கலியாணம் பேசினோம். பெண் மொன்றியலில், பெயர் வசந்தி. தொலைபேசியில் இரண்டு தரம் கதைத்ததிலேயே பெடியன் கவிழ்ந்துவிட்டான். இந்தப் பெண் இல்லாவிட்டால் தனக்குக் கலியாணமே வேண்டாமாம். பெண்ணின் தகப்பன் சீதனம், சாதகம் ஒன்றிலும் இழுபறிப்படவில்லை. ஒரேயொரு நிபந்தனைதான் வைத்தார்: மாப்பிள்ளை குடிக்கக் கூடாது. தான் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை என்றார். எங்கள் பிள்ளைக்கும் அந்தப் பழக்கம் இல்லை என்று நாங்களும் சொல்லி வைத்தோம். கொண்டாட்டங்களில் ஒரு கிளாஸ் எடுப்பான், அதையெல்லாம் யார் பழக்கம் என்று சொல்வார்கள்?

அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமையே போத்தலில் அடைத்து ஒளித்துவிடலாம் என்பது ரவியின் கணக்கு. அந்தக் காலத்துப் பியர்ப் போத்தல் கழுத்துக் குட்டையாய், மண்ணிறத்தில், தொந்தி வைத்த ஆள் மாதிரி இருக்கும். கடைகளில் அது குறைந்து, நெடுங்கழுத்துப் போத்தல் வரத் தொடங்கியிருந்தது. திருகு மூடிப் போத்தல் சரிவராது என்று இத்தாலியர் சொன்னதால் ரவி ஊரெல்லாம் அலைந்து குட்டைப் போத்தல் பொறுக்கினான். நான் கழுவினேன். வாளியிலிருந்து பியர் இறங்கட்டும் என்று ரவி குழாயை உறிஞ்சி, வாய் நிறைய வாங்கி, கண் கலங்க விழுங்கினான். உள்ளே நுரை கட்டுவதற்காகப் போத்தலுக்குக் கொஞ்சமாய்ச் சீனி போடுவது இவருடைய பொறுப்பு. இவரோ தேத்தண்ணிக்குப் போடுகிற கையால் அள்ளிப் போட்டார். இவருடைய தேத்தண்ணியைக் குடித்தவர்களுக்கு அது விளங்கும்.

அரைவாசிதான் அடைத்திருப்போம், கீழ்வாசல் மணி அடித்தது. மொன்றியல்காரர், தாய், தகப்பன், மகள் மூன்று பேரும். தெரிந்த ஒருவர் காரில் வந்தாராம், ஒருநாள் முந்தியே அவரோடு புறப்பட்டு வந்துவிட்டார்கள். அவர்கள் எட்டாம் மாடிக்கு ஏறி வருவதற்குள், அடைத்த போத்தல்களைக் குளிர்கோட்டு மாட்டுகிற அலுமாரிக்குள் தள்ளினோம். வாளியைத் தள்ள முடியவில்லை, அது குசினியிலேயே நின்றது. ரவியின் முகம் வெளிறிப் போயிருந்தது. உண்மையாகவே எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

பெண்ணின் தாய், அன்ரி, நேரே குசினிக்குள் வந்தார். மூக்கைச் சுளித்தார்.

"இதென்ன பிள்ளை, புளிச்ச மணம்?"

"அப்பத்துக்கு அன்ரி," என்றேன். வாயில் எப்படி வந்ததென்று இன்றைக்கும் தெரியாது. தெரியாமலென்ன, எங்கள் வீட்டுப் பழக்கம்தான். என்னுடைய அப்பா கள்ளென்ற சொல்லையே வீட்டில் சொல்லவிட மாட்டார். ஆனால் அப்பம் சுடுவதென்றால் மா புளிக்க ஒரு சின்னப் போத்தலில் கள்ளு பின்வாசலால் வரும், அவர் முன்வாசலில் பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பார். அப்பத்துக்கென்றால் அது கள்ளில்லை.

அன்ரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. கனடா வந்து நல்ல அப்பம் சாப்பிடவில்லையாம், விடியச் சுடட்டுமாம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அரிசியை ஊறப்போட்டு அரைத்து, வாளியின் அடியில் கிடந்த மண்டியில் ஒரு கோப்பை அள்ளி விட்டுக் கலந்து வைத்தேன். பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் நேர்ந்தேன்.

விடியப் பார்த்தால் மா பொங்கிச் சட்டியைத் தாண்டி நிற்கிறது. அப்படி ஒரு அப்பம் நான் அதற்கு முன்னும் சுட்டதில்லை, பின்னும் சுட்டதில்லை. ஓரம் மொறுமொறுவென்று, நடு பஞ்சுபோல. வசந்தியின் தகப்பன், அங்கிள், ரசித்துச் சாப்பிட்டார். பிறகும் கேட்டார். பிறகும் கேட்டார். கடைசியாகச் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்பம் திறம். ஆனால் இது கள்ளுப் போட்டதில்லை, பிள்ளை. கள்ளுக் கைக்காது. பியர்தான் கைக்கும்."

 எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அன்ரி எங்களைப் பார்க்கவேயில்லை. புருஷனைத்தான் பார்த்தார்.

"கள்ளுக் கைக்காது, பியர் கைக்கும். உதெல்லாம் உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

அங்கிள் வெளியே பனி கொட்டுகிறதா என்று பார்த்தார். அது ஆவணி மாதம். வசந்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அப்பத் துண்டு புரைக்கேறி இருமினாள். ரவி எழும்பிப் போய் அலுமாரிக் கதவைத் திறந்தான். கோட்டுகளின் கீழே குட்டைப் போத்தல்கள் வரிசையாய்க் குந்தியிருந்தன. செய்து பார்க்கும் ஆசையில் செய்ததென்றும், எப்போதாவது ஒரு கிளாஸ் குடிப்பதுண்டென்றும் மெதுவாகச் சொன்னான்.

அன்ரி குனிந்து ஒரு போத்தலைக் கையில் எடுத்தார்.

"ஒளிச்சுக் குடிக்கிற மனிசனோடை நான் காலத்தைத் தள்ளிப்போட்டன். என்ரை பிள்ளை, காட்டிப்போட்டுக் குடிக்கிறவனைக் கட்டட்டும்."

கலியாணம் பேசி முற்றாகிவிட்டது. பியர் முற்றவில்லை. இவர் போட்ட சீனிக்குப் போத்தல்கள் அலுமாரிக்குள்ளேயே வெடித்து, அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் மூன்று பேரும் பியர் மணக்கிற கோட்டோடு பஸ்ஸில் போனோம். தப்பிய சிலதை வடித்துக் குடித்த ரவி, அப்பம்தான் நல்லது என்றான்.

அதற்குப் பிறகு அங்கிள் எங்கள் வீட்டுக்கு வந்தால் கூடத்தில் நிமிர்ந்து இருந்து ஒரு பியர் குடிப்பார், கிளாசை அன்ரியே கொண்டுவந்து வைப்பார். அங்கிள் காலமாகிப் பத்து வருஷமாகிவிட்டது. குட்டைப் போத்தலை இப்போது எங்கும் காணக் கிடைப்பதில்லை. இத்தாலியர் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார், அதனால்தான் இந்தச் சாமான் என்னிடமே தங்கிவிட்டது. ரவிக்கு இப்போது சலரோகம், சீனி வருத்தம், ஒரு கிளாசும் இல்லை.

மகள் கதையைக் கேட்டுச் சிரித்து முடிந்ததும் அந்தச் சாமானை விற்பி என்ற ஊரில் இருக்கும் ரவி வசந்தி வீட்டுக்குக் கொண்டுபோனோம். அன்ரி இப்போது மகளோடுதான் இருக்கிறார், கண் மங்கல். அதை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார், என்னவென்று கேட்கவில்லை. வசந்தி கடையில் வாங்கின பக்கற் ஈஸ்ற் போட்டு அப்பம் சுட்டிருந்தாள். பிழை சொல்ல முடியாத அப்பம். அன்ரி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கன நேரம் மென்றுகொண்டிருந்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார். "அந்தக் கைப்பு மட்டும் இல்லை."